குறை சொல்கிறவன்

ஒரு பொருளில் இருக்கிற கோளாறுக்கும் குறை என்றுதான் பெயர். அந்தக் கோளாறைப் பற்றி ஒருவன் வாயைத் திறந்து சொன்னால் அதற்கும் குறை என்றுதான் பெயர். ‘வண்டியில் குறை இருக்கிறது’, ‘அவன் எப்பப் பார்த்தாலும் குறை சொல்றான்’ என்ற இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே குறை எங்கிருந்து எங்கே நகர்ந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் வாக்கியத்தில் அது இரும்பில் இருக்கிறது. இரண்டாவதில் அது சொல்கிற ஆளின் குணமாகிவிட்டது. புத்தம் புதிதாக வாங்கிய வண்டி பழுதாக வந்து சேர்ந்தால், வாங்கியவன் அடுத்த ஒன்றிரண்டு வருடம் நடத்துகிற சண்டை முழுக்க இந்த நகர்வுக்கு எதிரான சண்டைதான் என்று எனக்குப் படுகிறது. குறை இருப்பது வண்டியிலா, ஆளிடமா? இதைத் தீர்மானிக்கிற அதிகாரம் எந்தக் காகிதத்தில், எந்த மொழியில், யார் கையெழுத்தில் இருக்கிறது?

நம்மிடையே இந்த விஷயத்துக்கு மரியாதை கிடையாது. தொண்ணூறுகளில் தொடங்கி ‘நுகர்வுக் கலாச்சாரம்’ என்று நாம் எழுதிக் குவித்த பக்கங்கள் கொஞ்சமல்ல. அந்தப் பக்கங்களில் வாங்குகிறவன் எப்போதும் விளம்பரத்தில் மயங்கிய ஏமாளி, கொஞ்சம் கேவலமானவனும்கூட. மறைமலை நகர் ஃபோர்டு ஆலை மூடப்படும் என்று 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022 ஜூலையில் கடைசிக் காரை வெளியே அனுப்பியபோது வேலை இழந்த தொழிலாளர்களைப் பற்றிப் பேசினோம். பேசியிருக்கத்தான் வேண்டும். அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் வரிசையாக நிற்கிற ஷோரூம்களுக்குள் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிற லோடு வண்டிக்காரரைப் பற்றிப் பேச நமக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஆட்டோ சங்கங்கள் உண்டு. அவை சவாரிக் கட்டணத்துக்கும் ஸ்டாண்டுக்கும் போலீஸ் தொல்லைக்கும் போராடும். இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்பது அவற்றின் கொடியில் வராத விஷயம்.

எனக்கும் இது என் பெரியப்பா மகன் மூலமாகத்தான் தெரிய வந்தது. அண்ணன் மாமல்லபுரத்தில் பல வருடமாகத் தள்ளுவண்டியில் டீயும் டிபனும் போட்டுக்கொண்டிருந்தவர். 2022இல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஈ.சி.ஆரில் வந்து போன கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தள்ளுவண்டியை விட்டு ஒரு படி ஏறலாம் என்று முடிவெடுத்தார். ஆடி கழிந்ததும் நாலு சக்கரச் சின்ன லோடு வண்டி ஒன்றைக் கடனில் எடுத்தார். பின்னால் செங்கல்பட்டில் ஒரு பட்டறையில் பாடி கட்டினார். ஒரு பக்கம் ஷட்டர், உள்ளே இரண்டு அடுப்பு, ஒரு தொட்டி, தண்ணீர் டேங்க், குறுக்கே ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கிற அளவுக்குப் பலகை. காலையில் வியாபாரம், ராத்திரி அதிலேயே தூக்கம். சினிமாக்காரர்கள் கேரவன் என்று சொல்கிறார்களே, அதன் ஏழைப்பட்ட பங்காளி.

டெலிவரி அன்று நான் கூடப் போயிருந்தேன். நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டியை வெளியே எடுத்தார்கள். அமெரிக்காவில் வாங்கின நாளிலிருந்தே கோளாறாக இருக்கிற வண்டிக்கு எலுமிச்சை என்றுதான் பெயர். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாத சந்தை எப்படிச் சீரழியும் என்று 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற பொருளாதாரக் கட்டுரையின் தலைப்பிலேயே அந்தப் பழம் இருக்கிறது. 2001இல் நோபல் பரிசு வாங்கியவர்களில் அவரும் ஒருவர். நாம் நல்ல வண்டி கெட்டுவிடக்கூடாது என்று எலுமிச்சையை நசுக்குகிறோம், அவர்கள் கெட்ட வண்டிக்கே எலுமிச்சை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழம் நசுங்குவதற்கு முன்பே அண்ணன் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். வண்டியை முழுமையாகச் சோதித்துத் திருப்தியான நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதம். கற்பூரம் காட்டியது தவிர அவர் எதையும் சோதிக்கவில்லை. சோதிக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. இந்தக் கதையில் அவருடைய குரலாகப் பதிவான முதல் வாக்கியம் அவர் சொல்லாத வாக்கியம்.

மூன்றாவது வாரத்திலேயே வண்டி இழுக்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வருகிற சாலையில் பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. அதிலேயே மூச்சு வாங்கியது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை. கூலன்ட் பாட்டிலில் தண்ணீர் குறைந்துகொண்டே போயிற்று, ஆனால் கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒரு நாள் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்த அண்ணன் எனக்கு போன் செய்தார்: “தம்பி, ஆயில் டீ மாதிரி ஆயிடுச்சிடா. ஸ்ட்ராங் டீ இல்ல, பால் அதிகமா ஊத்துன டீ.”

இயந்திரம் தெரிந்தவர்கள் இந்த ஒரு வாக்கியத்திலேயே நோயைப் பிடித்துவிடுவார்கள். இன்ஜின் பிளாக்குக்கும் மேலே மூடுகிற ஹெட்டுக்கும் நடுவில் கேஸ்கட் என்று ஒரு தகடு இருக்கும். எரிகிற வாயு, குளிர்விக்கிற நீர், உயவு எண்ணெய் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது அதன் வேலை. அது எங்காவது விட்டுக்கொடுத்தால் நீர் சிலிண்டருக்குள் போய் வெள்ளைப் புகையாக வரும், எண்ணெயோடு கலந்து பால் நிறம் தரும், அழுத்தம் கசிந்து இழுவை போகும். டீ போடுகிறவர் தன் தொழிலின் நிறங்களை வைத்துச் சொன்னது மிகத் துல்லியமான நோய்க்குறிப்பு. அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டால் ஜாப் கார்டு போடுவார்கள். அதில் ‘வாடிக்கையாளரின் குரல்’ என்று ஒரு கட்டமே இருக்கிறது, ஆங்கிலத்தில். நான் பார்த்த ஒன்பது ஜாப் கார்டுகளிலும் அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தவர் சர்வீஸ் அட்வைசர். டீ மாதிரி ஆயில் என்று அண்ணன் சொன்ன அன்றைக்கு அந்தக் கட்டத்தில் இருப்பது ‘ஆயில் டாப் அப்’. இழுக்கல என்றது ‘பிக்கப் பிரச்சினை’. புகை என்றது ஒரு கார்டில் இருக்கிறது, அடுத்த கார்டில் இல்லை. எதிரே செய்த வேலை என்ற கட்டத்தில் திரும்பத் திரும்ப ஒரே வாசகம்: சோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது. ஒடுக்கப்பட்டோர் பேச முடியுமா என்று 1988இல் காயத்ரி ஸ்பிவாக் கேட்டதை நாம் எவ்வளவு விவாதித்திருக்கிறோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் அதற்குக் கட்டம் போட்டு, தலைப்புக் கொடுத்து, அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். பேசலாம், எழுதுவது இன்னொருவர். கீழே கையெழுத்து மட்டும் உங்களுடையது.

(அழைக்கிற முறை மாறியதையும் சொல்ல வேண்டும். பணம் கட்டும் வரை ‘சார்’. முதல் இரண்டு சர்வீஸில் ‘அண்ணே’. ஐந்தாவதுக்கு மேல் ‘இன்னாப்பா, திரும்பவுமா?’)

தமிழ் எம்.ஏ. படித்த தோஷம், எனக்கு இதெல்லாம் அகத்துறையாகவே தெரிந்தது. நம் இலக்கண மரபில் குறை என்பதற்கு வேண்டுகோள் என்றும் பொருள். தலைவன் தோழியிடம் வந்து குறையிரந்து நிற்பான். தலைவியை நேரில் பார்க்க வழியில்லை, தோழி மூலமாகத்தான். தோழி உடனே ஒத்துக்கொள்வாளா? இன்று முடியாது, இந்தத் தழை எங்களுக்கு ஆகாது, எங்கள் ஊர் வழக்கம் வேறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தள்ளித் தள்ளி நிறுத்துவாள். அதற்குச் சேட்படை என்று பெயர். கம்பெனி என்கிற தலைவி எங்கோ இருக்கிறாள், கண்ணில் படமாட்டாள். அட்வைசர் சொல்வார்: கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம், அப்ரூவல் வரணும், இன்ஜினியர் வியாழக்கிழமைதான் வருவார், பார்ட் ஸ்டாக் இல்ல. பழைய கவிதையில் இந்தத் தள்ளலுக்கு ஒரு முடிவு உண்டு, தோழி மனமிரங்குவாள். இங்கே வாரண்டியின் மாதக்கணக்கு முடிகிறவரை தள்ளினால் போதும்.

ஏழாவது தடவையில் குறை வண்டியிலிருந்து ஆளுக்கு வந்து சேர்ந்தது. ஓட்டுகிற முறை சரியில்லை, தண்ணீர் பார்க்காமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்றார்கள். எட்டாவதில் பாடிக்கு வந்தது. வெளியே பாடி கட்டியதால் எடை ஏறிவிட்டது, கம்பெனி ஒப்புக்கொள்ளாத மாற்றம், ஆகவே வாரண்டி பொருந்தாது. பாடி கட்டியவரிடம் போனால், “நான் கட்டுனது தகரம், ஆயில்ல தண்ணி கலக்குறதுக்கும் தகரத்துக்கும் என்னா சம்பந்தம்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. ஆர்.சி.யில் ஏறாத மாற்றம் எதிராளியின் கையில் ஆயுதம். பட்டறை இருக்கிற திசையைக் காட்டியவரே அந்த ஷோரூம் விற்பனையாளர்தான் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஓடுகிற பகுதிக்கும் வாழ்கிற பகுதிக்கும் நடுவில் சட்டம் கோடு கிழிப்பது இங்கே மட்டும் நடப்பதல்ல. கலிபோர்னியாவில் 1970இல் வந்த சாங்-பெவர்லி சட்டம் புது வண்டி வாங்கியவனுக்கு உலகத்திலேயே நல்ல பாதுகாப்புத் தருகிற சட்டங்களில் ஒன்று. நியாயமான தடவை முயன்றும் சரிசெய்ய முடியவில்லை என்றால் வண்டியை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ வேண்டும். அங்கே வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய வண்டிக்கு வரும்போது சட்டம் என்ன சொல்கிறது? சேசிஸும் இன்ஜினும் ஓட்டத்துக்கான பாகங்களும் மோட்டார் வண்டி என்ற விளக்கத்துக்குள் வரும், மனிதர் குடியிருப்பதற்கான பகுதி அந்த விளக்கத்துக்குள் வராது. கூரை ஒழுகினால் வேறு கதவைத் தட்ட வேண்டும். வாங்கியவன் வாங்கியது ஒரே பொருளை, கட்டுகிற தவணை ஒன்று. குறை வந்ததும் பொருள் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டைக் கைகாட்டுகிறது.

நம் நீதிமன்றங்களிலும் இந்தத் துண்டாக்கலைப் பார்க்கலாம். ஒரு மாருதி காரின் கிளட்ச் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2006இல் தீர்ப்பு: வாரண்டியின் வாசகப்படி உற்பத்தியாளரின் கடமை கெட்டுப்போன பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது, வண்டியையே மாற்றித் தரச் சொல்ல அந்த வாசகம் இடம் கொடுக்கவில்லை. ஆசிரியன் செத்துவிட்டான், வாசகனே பிரதியை உருவாக்குகிறான் என்று பார்த்தைப் படித்துவிட்டு நாம் ஆடியதெல்லாம் வாரண்டி புத்தகத்தின் முன்னால் செல்லாது. அந்தப் பிரதிக்கு ஆசிரியன் சாகவே மாட்டான். வாங்கியவனுக்கு வண்டி ஒரு முழுமை, காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டிய ஒன்று. பிரதியில் அது பாகங்களின் பட்டியல். கடற்கரை உப்புக்காற்றால் வரும் துருவுக்குப் பொறுப்பில்லை என்றும் அண்ணனின் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை உப்புக்காற்று இல்லாத இடம் எது என்று கேட்டுப் பார்த்தேன், யாரும் பதில் சொல்லவில்லை.

விற்றவருக்கும் செய்தவருக்கும் நடுவிலும் கோடு உண்டு. கோவாவில் ஒருவர் 2011 மாடல் டாடா காருக்குப் பணம் கட்டினார். டீலர் அவருக்குக் காட்டியது ஏற்கெனவே ஓடின 2009 மாடல். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் டீலரின் தவறுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று சொன்னது. டீலரும் கம்பெனியும் முதலாளியும் ஏஜென்டும் அல்ல, தனித்தனி முதலாளிகள், கம்பெனிக்கு அது தெரிந்திருந்தது என்று காட்டினால்தான் பொறுப்பு. வாசலில் கம்பெனி பெயர், சட்டையில் கம்பெனி பெயர், பில்லின் தலையில் கம்பெனி பெயர். தகராறு வந்தால் மட்டும் பெயர் வேறு.

இனி நுகர்வோர் என்ற சொல்லுக்கு வருகிறேன். நுகர்தல் என்றால் பழைய வழக்கில் புலன்களால் துய்த்தல், மோந்து அனுபவித்தல். 1986ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவரைத் தன் விளக்கத்திலிருந்து விலக்கியது. துய்ப்பவனுக்குப் பாதுகாப்பு உண்டு, பிழைப்புக்கு வாங்குகிறவன் சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும். தையல் மெஷினும் ஆட்டோவும் வாங்குகிறவர்கள் இதில் அடிபட்ட பிறகு, 1993இல் திருத்தம் வந்தது: சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது. 1995இல் இந்த வரியை உச்ச நீதிமன்றம் விளக்கிய வழக்கில் இயந்திரத்தை விற்றது கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடம், வாங்கியது லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ். வாங்கியவர் தோற்றார், அவருடையது வணிக நோக்கம் என்று முடிவாயிற்று. தோற்ற வழக்கிலிருந்துதான் நம்மாட்களுக்கு உதவுகிற உதாரணங்கள் கிடைத்தன. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். வாங்கி இன்னொருவரை வைத்து ஓட்டினால் நுகர்வோர் இல்லை. ஒன்றிரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் அந்தத் தகுதி போகாது. 2019இல் வந்த புதிய சட்டமும் இந்த விளக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறது.

அண்ணன் அனுப்பிய நோட்டீசுக்கு டீலர் தரப்பு வக்கீல் கொடுத்த பதிலின் முதல் பத்தியே இதுதான்: மனுதாரர் ஓட்டல் நடத்துகிறார், ஆள் வைத்திருக்கிறார், ஆகவே நுகர்வோர் அல்ல. அந்த ஆள் பாத்திரம் கழுவ வருகிற தூரத்து உறவுப் பையன். சட்டத்தின் முன்னால் அண்ணன் முதலில் நிரூபிக்க வேண்டியது கேஸ்கட்டை அல்ல, தான் போதுமான அளவுக்கு ஏழை என்பதை. அதே நேரம், வண்டி நின்ற நாட்களில் இத்தனை ரூபாய் வியாபாரம் போயிற்று என்று நஷ்டஈடு கேட்கும்போது தான் நன்றாகச் சம்பாதித்தவர் என்பதையும் நிரூபிக்க வேண்டும். இரண்டு வாக்கியமும் ஒரே மனுவில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தது நான்தான். எழுதும்போது கை கூசியது.

மிகச் சிக்கலான இடம் சாட்சியம். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாத குறை என்றால் பொருளைத் தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்று பழைய சட்டத்தின் 13ஆம் பிரிவு சொன்னது, புதிய சட்டத்தின் 38ஆம் பிரிவும் சொல்கிறது. கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் மனுதாரர். வண்டி வழக்குகளில் பொறியியல் கல்லூரி ஆசிரியரையோ மோட்டார் வாகன ஆய்வாளரையோ நிபுணராகப் போடுவதும் உண்டு. நிபுணர் வந்து பார்க்கிற வரைக்கும் வண்டி பழுதாகவே இருக்க வேண்டும். தவணை காத்திருக்காது. நம் ஊரில் அதை டியூ என்பார்கள். வண்டி ஓடினாலும் டியூ, நின்றாலும் டியூ. மூன்று டியூ தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வரும். குண்டர்களை வைத்து வண்டி பிடிப்பதை 2007இல் உச்ச நீதிமன்றம் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி வழக்கொன்றில் கண்டித்தது, இருந்தும் வருகிறார்கள். சாட்சியத்தைக் காப்பாற்ற வண்டியை நிறுத்த வேண்டும், வண்டியைக் காப்பாற்ற சாட்சியத்தை அழிக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் காரை ஷெட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போவார். அண்ணனுக்கு வண்டிதான் கடை, வண்டிதான் படுக்கை.

ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில் பதினோரு நாள் நிறுத்தி வைத்தார். பல்லவன் வெட்டிய தேர்களும் முடிக்கப்படாமல், ஓரடி நகராமல் ஆயிரத்து முன்னூறு வருடத்துக்கு மேல் அங்கேதான் நிற்கின்றன. அவற்றுக்கு யாரும் டியூ கட்டவில்லை. பன்னிரண்டாவது நாள் செங்கல்பட்டில் ஒரு வெளி மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனார். மெக்கானிக் ஹெட்டைக் கழற்றினார். இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் கேஸ்கட் கருகிப் பிளந்திருந்தது. ஹெட்டின் அடிப்பரப்பு மட்டமாக இல்லை, அளவுகோலை வைத்தால் வெளிச்சம் தெரிந்தது. ஹெட் முதலிலேயே கோணலாக வந்து கேஸ்கட் போனதா, கேஸ்கட் போய்ச் சூடேறி ஹெட் கோணலானதா? இதில்தான் வழக்கே இருக்கிறது. முதலாவதென்றால் தயாரிப்புக் குறை, இரண்டாவதென்றால் ‘தண்ணீர் பார்க்காமல் ஓட்டியது’ என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து கூலன்ட் ஊற்றி ஊற்றி அனுப்பிய ஒன்பது ஜாப் கார்டுகள் முதலாவதன் பக்கம் பேச வேண்டும். பேசவில்லை, ஏனென்றால் அவற்றை எழுதியது அண்ணன் இல்லை. மெக்கானிக் ஹெட்டை மட்டம் தட்டி, புதுக் கேஸ்கட் போட்டு வண்டியை ஓடவிட்டார். அந்த நிமிடமே குறை போயிற்று, ஆதாரமும் போயிற்று.

எல்லாத் தீர்ப்பும் இப்படியே இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை, 1997இல் பிரிவதற்கு முன் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கே ஆலை வைத்திருக்கிற ஹூண்டாய் கம்பெனியின் காரை 2015இல் வாங்கிய ஒருவர் 2017 நவம்பரில் டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் மோதி அடிபட்டார். காற்றுப்பை விரியவில்லை. மோதலின் வேகமும் விசையும் பை விரிகிற அளவுக்கு இல்லை என்று கம்பெனி வாதிட்டது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வண்டி வாங்குகிறவர் வேகம், விசை பற்றிய இயற்பியல் கணக்கில் நிபுணராக இருக்கத் தேவையில்லை என்றது. விபத்து தானே பேசுகிறது என்ற பழைய சட்டக் கோட்பாட்டைக் கையில் எடுத்து, வண்டியை மாற்றித் தர வேண்டும் என்ற உத்தரவை உறுதி செய்தது. நுட்பமொழி தெரியாதவனின் சொல்லுக்கு எடை உண்டு என்று ஒப்புக்கொண்ட தீர்ப்பு இது. டீ மாதிரி ஆயில் என்பதற்கும் இதில் ஒரு இடம் இருக்கிறது என்று நான் வாதாடுவேன். உயிருக்கு ஆபத்தான குறைகளுக்கு வேறொரு வழியும் வந்திருக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின் கீழ் அரசு ஒரு வகை வண்டியையே திரும்பப் பெற உத்தரவிடலாம். ஆனால் அதற்குப் புகார்கள் எண்ணிக்கையில் சேர வேண்டும். ஒவ்வொரு புகாரும் ‘ஆயில் டாப் அப்’ ஆகிக்கொண்டிருந்தால் எப்படிச் சேரும்?

களத்தில் இருக்கிற நண்பர்களுக்குச் சில விஷயங்கள். புதிய சட்டத்தில் மனுதாரர் குடியிருக்கிற இடத்திலேயே, வேலை செய்கிற இடத்திலேயே மனுப் போடலாம். டீலர் சென்னையில் இருந்தாலும் மாமல்லபுரத்துக்காரர் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, பத்து லட்சம் வரை 200 ரூபாய். குறை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வாரண்டி முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் காலமும் ஓடிவிடும். சோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும் தேவைப்படுகிற வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சொல்வது சட்டம், நடப்பது வேறு. எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஜாப் கார்டு. குரல் கட்டத்தில் நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்னபடியே தமிழில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் உங்கள் கையாலேயே கீழே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டீ என்றால் டீ என்றே. வெளியே பிரிப்பதானால் முதலில் கம்பெனிக்கும் டீலருக்கும் எழுத்தில் தேதி கொடுத்து, வந்து பார்க்கச் சொல்லிவிட்டுப் பிரியுங்கள். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மனு 2024 தொடக்கத்தில் போட்டோம். வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். வாய்தா என்ற சொல்லுக்கும் தவணை என்று இன்னொரு பொருள் உண்டு என்பது அகராதி பார்த்தால் தெரியும். வண்டி இப்போது ஓடுகிறது, சுமாராக. பிளந்த கேஸ்கட்டை மெக்கானிக் குப்பையில் போடப் போனபோது அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். எண்ணெய்த் துணியில் சுற்றி, கோணிப்பைக்குள் வைத்து, வண்டியில் தான் படுக்கிற பலகைக்குக் கீழே வைத்திருக்கிறார். ஒவ்வொரு விசாரணைக்கும் அந்தப் பையோடுதான் வருகிறார். இதுவரை யாரும் அதைத் திறந்து காட்டச் சொல்லவில்லை.